டடியின் பெருவிரல்

டடி இறந்த முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து ஷிராணி அம்பிட்டிய வீட்டுக்குத் திரும்பியபோது மழை பிடித்திருந்தது. தம்பி ரொஹான் விறாந்தையில் கதிரை போட்டு அமர்ந்திருந்தான். நத்தார் பண்டிகைக்கு மட்டும் கொழும்பிலிருந்து கேக்கோடு வந்து போகிற பிள்ளை. டடி பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுத்த நாளிலிருந்து குளிப்பாட்டி, ஊட்டி, தன் கல்யாணத்தையும் கைகழுவியவள் ஷிராணிதான்.

அவன் டடி எழுதிவைத்த மரண சாசனத்தின் போட்டோப் பிரதியை நீட்டினான். வீடு முழுக்க ரொஹானுக்கு. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் டடியின் பெருவிரல் அடையாளம், கறுப்பாக.

"டடி செத்த பிறகு விரலப் புடிச்சு வச்சிருக்க! கடைசியா உடம்பத் துடைச்சது நான்டா. விரல்ல நீல மை இருந்திச்சு."

"சத்தியமா இல்லக்கா. டடி போறதுக்கு முந்தின நாள், நீங்க மார்க்கட் போன நேரம் நொத்தாரிஸ் லோயரக் கூட்டிட்டு என்ன வரச் சொன்னதே டடிதான்."

"பொய்!"

ஷிராணி பிரதியைப் பறித்துக்கொண்டாள். அவனை அங்கேயே விட்டுவிட்டு டடியின் அறைப் பூட்டைத் திறந்து உள்ளே போனாள்.

பகலிலும் அறை இருட்டாக இருந்தது. அடக்கம் முடிந்ததும் பூட்டிய அறை. ஆனால் தைல வாசம், இப்போதுதான் தேய்த்தது போல. கட்டில் மெல்ல முனகியது.

யாரோ எழுந்து உட்கார்கிற சத்தம்.

ஷிராணிக்குப் பயத்துக்கு முன் ஆறுதல்தான் வந்தது. வராமல் இருப்பாரா? தனக்காக நியாயம் சொல்லத்தானே வந்திருக்கிறார். பிரதியைக் கட்டிலில் விரித்தாள்.

"டடி, இது உங்க விருப்பம் இல்லன்னா அழிச்சுக் காட்டுங்க," என்று கிசுகிசுத்தாள்.

தாள் லேசாகக் குழிந்தது.

கறுப்பு அடையாளத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று விழுந்தது. ஈரமான நீல மையில்.

"இல்ல டடி. நல்லாப் பாருங்க..."

இன்னொன்றும் விழுந்தது. முன்னதைவிட அழுத்தமாக.

தம்பி திருடன் என்றால்கூடத் தாங்கியிருப்பாள். "நான் என்ன கொற வச்சேன் டடி?"

அவள் முதுகில் ஒரு கை பட்டது.

தினமும் எண்ணெய் தடவி நீவிவிட்டும் ஒரு கரண்டியைத் தூக்காத இடது கை. விரல்கள் மடங்கியிருந்த விதத்திலேயே தெரிந்தது. அது தள்ளியது. அறையைத் தாண்டி, ஹோலைத் தாண்டி, விறாந்தை வரைக்கும் விடாமல் தள்ளியது.

முன்கதவு அறைந்து சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

ரொஹான் கதிரையை விட்டு எழுந்தான். "அக்கா... உள்ள யாரு?"

அவள் கதவைத் தள்ளிப் பார்த்தாள்.

உள்ளே டடி தொண்டையைச் செருமினார்.

"மகன், நீ மட்டும் உள்ள வா."