மூச்சில்லாத பூதம்

கடைசிக் காட்சியில், குழந்தைகள் ஐவரும் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் கணத்தில், பூதம் மூச்சு வாங்கியது.

ஒலிக்கலவை அறையில் இயக்குநரும் ஒலிக்கலவையாளரும் மட்டும்தான் இருந்தார்கள். இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, இது கம்ப்யூட்டருக்குள்ள பொறந்த பூதம். இதுக்கு மூச்சே கிடையாதுன்னு படம் பூரா சொல்லிட்டு வர்றோம். இப்ப போய் இழுக்குதே, ஆஸ்துமாவா?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. "மன்னிச்சுடுங்கண்ணே. வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

"பரவாயில்ல தம்பி. எடுத்துடறேன்."

"அஞ்சு மணிக்குப் படத்தை அனுப்பணும். ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்."

கதவு மூடியது. பஞ்சும் துணியும் அடைத்த சுவர்கள் வெளியே இருந்த நடுப்பகலை முழுவதுமாக விழுங்கிவிட, குளிரூட்டியின் ஈர வாடையும் சூடேறிய கம்பிகளின் மெல்லிய தீய்ந்த வாசனையும் மட்டும் மிஞ்சின. அந்த அமைதியில் ஒலிக்கலவையாளருக்குத் தன் காதுக்குள் ரத்தம் ஓடுவதுகூடக் கேட்டது.

பூதத்தின் உறுமலுக்கு அடியில் இருப்பது அவருடைய மகளின் குரல். ஏழு வயது. எல்லோருக்கும் அவள் வாண்டு. மாதிரிக்காகப் பேசவைத்த குரலை வேகம் குறைத்து, இரும்பு உராயும் ஓசையோடு குழைத்து, பூதத்தின் தொண்டையில் வைத்தார். இடையில் விழுந்த மூச்சொலிகளை அவரே ஒவ்வொன்றாக வெட்டினார். பதினோரு நாள் கழித்து, நுரையீரலில் சளி கட்டி அவள் போய்விட்டாள். கேட்கத் தாங்காமல் அசல் பதிவை அந்த வாரமே அழித்தார். இப்போது அவள் குரல் மிச்சமிருப்பது இந்தப் பூதத்திடம் மட்டும்தான். இதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

கணினித் திரையில் குரலின் ஒலிக்கோட்டைப் பெரிதாக்கினார். பூதம் வாயைத் திறக்கும் இடத்தில் சின்னதாக ஒரு புடைப்பு. வெட்டினார். ஓடவிட்டார்.

இரண்டு நொடி தள்ளி, மறுபடியும் மூச்சு. முன்னைவிடக் குட்டையாக.

வெட்டினார்.

இப்போது இரண்டு. இன்னும் குட்டையாக, இன்னும் வேகமாக. வெட்ட வெட்ட நெருங்கி வந்தன. அவர் தன்னையறியாமல் எண்ணத் தொடங்கியிருந்தார். நிமிடத்துக்கு நாற்பது. ஐம்பத்தைந்து. எழுபது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, இதே வரிசையில் எண்ணியிருக்கிறார்.

மற்ற ஒலிகளை அணைத்தார். குரலின் வேகத்தைப் பழைய நிலைக்கு உயர்த்தினார்.

"அப்பா, இப்ப மூச்சு விடலாமா?"

அவள் பேசாத வசனம்.

பதிவு செய்த அன்று, மூச்சுச் சத்தம் விழக் கூடாதென்று, "அடக்கிக்கோடா கண்ணு, அப்பா சொல்ற வரைக்கும்" என்று கைகாட்டியது நினைவுக்கு வந்தது. பிறகு விடச் சொன்னாரா? நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவில்லை.

"விடு கண்ணு. விட்டுடு."



வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டினார். ஒட்டவில்லை. ஒன்றுகூட. கோடு தட்டையாகக் கிடந்தது.

கதவு திறந்தது. ஒலிக்கலவையாளர் குரலின் வேகத்தையும் மற்ற ஒலிகளையும் பழையபடி வைத்து, காட்சியை ஓடவிட்டார். இயக்குநர் பின்னால் நின்று, கைபேசியில் ஏதோ தட்டியபடியே காட்சியைக் கேட்டு முடித்தார்.

"சூப்பர்ண்ணே. துளி மூச்சு இல்ல. அனுப்பிடலாம்."

திரையில் குழந்தைகள் குதித்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்ற பூதம் அவர்களைப் பார்க்கவில்லை. ஒலிக்கலவையாளரைப் பார்த்தது. வாய் திறந்திருந்தது. கழுத்தே இல்லாமல் வரைந்த அந்த உருண்டை உடம்பில், தாடைக்குக் கீழே ஒரு குழி. மூச்சுக்குத் திணறும் பிள்ளைக்கு விழும் குழி. உள்ளே போனது. வெளியே வந்தது. சத்தமே இல்லை.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினார்.

குழந்தைகள் அந்தரத்தில் அப்படியே நின்றார்கள்.

குழி நிற்கவில்லை.