அண்ணன் பேச வேண்டிய முறை

பேரு லொடலொடா. அண்ணன் வெச்ச பேரு. வயசு இருபத்திரெண்டு. பொழைக்க வந்த ஊர்ல, கார் நிறுத்தற கட்டடத்தோட ஆறாவது மாடி, வேலைக்காரங்க ரூம்ல இருக்கான். வெள்ளம் வடிஞ்சு நாலு நாளாச்சு. எதிர்க்கட்டில்ல அண்ணனோட வாக்கி டாக்கி கிடக்குது. பேட்டரியை நேத்து இவனே கழட்டினான். இப்போ அதுல பச்சை விளக்கு எரியுது.

போன் செத்தா உதவும்னு ஆளுக்கு ஒண்ணா ரெண்டு செட்டு வாங்கினதே அண்ணன்தான்.

"அமுக்கு. ஒரு மூச்சு விடு. சுருக்கமா பேசு. 'முடிச்சிட்டேன்'னு சொல்லிட்டுக் கையெடு. நீ அமுக்கிட்டே இருந்தா நான் பேசறது உனக்குக் கேக்காது. ஒருத்தர் முடிச்சாத்தான் அடுத்தவர்."

"தெரியும்ண்ணே."

"உனக்கா? தூக்கத்துலகூட வாய் மூட மாட்டே."

வெள்ளம் வந்தப்போ அண்ணன் பம்பு போட பேஸ்மெண்டுக்கு இறங்கினான். தண்ணி இரையற சத்தம் கேட்டதும் இவன் பட்டனை அமுக்கி, "அண்ணே எங்க இருக்கே, வந்துடுண்ணே"ன்னு கத்தினான். பதினோரு நிமிஷம். கையெடுக்கவே இல்ல.

அண்ணனைப் பிணமா தூக்கினவங்க சொன்னாங்க: செட்டு காதோட ஒட்டியிருந்துச்சாம். கட்டைவிரல் பட்டன் மேலயே இருந்துச்சாம். அமுக்காம.

அண்ணன் போனது அம்மாவுக்குத் தெரியும். இது தெரியாது.

இன்னிக்கு சாயங்காலம் இவன் செட்டுல ஒரு கரகரப்பு, அதுக்கு அடியில எங்கயோ சுவத்துக்குள்ள தண்ணி கொப்புளிக்கற சத்தம், அதுக்கும் அடியில, சேறும் டீசலும் கலந்த வாசம் ரூமெல்லாம் பரவப் பரவ, யாரோ நிதானமா ஒரு மூச்சு விட்டாங்க.

அடுத்து பேச்சு வரும்.

இவன் சட்டுனு பட்டனை அமுக்கிட்டான். இன்னும் எடுக்கல. ஒரு கை அதுலயே இருக்கறதால, போன்ல வாயால சொல்லித்தான் இதை அம்மாவுக்கு எழுதறான். சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் பேட்டரி இல்லாத அந்தச் செட்டுல இருந்து திரும்ப வருது.

விரல் மரத்துப்போச்சு.

எதிர்க்கட்டில் கிறீச்சுன்னுச்சு. மெத்தை நடுவுல ஒரு பள்ளம். ஆள் உக்காந்த பள்ளம். ஓரத்துல தண்ணி சொட்டுது.

பள்ளம் நிமிர்ந்துச்சு.

வாசம் கிட்ட வருது.

இவன் கட்டைவிரல் மேல இன்னொரு விரல். ஈரம். அமுக்கல. விலக்கவும் இல்ல. காத்திருக்குது.

இதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டறவங்க யாரா இருந்தாலும், இங்க ஒருத்தரை அனுப்புங்க. அண்ணன் என்ன சொல்ல வந்தான்னு கூட நின்னு கேக்கணும். தனியா கேக்க இவனால முடியாது.