விழுந்துபோன 'ங்க'

அன்று காலையும் ரங்கராஜ் வீட்டு மாடு பால் தர மறுத்தது. அவருடைய புல்லட் சத்தம் கேட்டால்தான் அதற்கு மடி சுரக்கும். சூலூர் முழுவதும் அறிந்த சங்கதி. கார் வந்ததிலிருந்து புல்லட்டை எடுப்பதே அபூர்வமாகிவிட, கால்நடை டாக்டர் வந்து தம்முடைய ஸ்கூட்டரை முறுக்கிக்கூடப் பார்த்தார். மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நம்பாதவர்கள் மாட்டிடமே கேட்டுக்கொள்ளலாம்.

புல்லட்டை விலைக்கு எடுக்க அன்னூரிலிருந்து அர்ஷத் வந்துகொண்டிருந்தான். ரங்கராஜ் துடைத்த டேங்கையே திரும்பத் திரும்பத் துடைத்தார். அவர் மனைவி துளசிமணி அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்த நடையை நேராக நடந்திருந்தால் பல்லடம் போய்ச் சேர்ந்திருப்பாள்.

"என்ற மகன் உசுரா வெச்சிருந்த வண்டி!" மாமியார் மாரியாத்தாள் ஆரம்பித்தாள். "மவராசி நோகாம ஏசியில போகோணும்னு விக்கிறான்!"

"நானு கேக்கவே இல்லீங்க அத்தை..." துளசிமணிக்குக் கண் நிறைந்தது.

"அப்ப முதுகு வலிக்குதுன்னு சொன்னது ஆரு? மாடா?"

சொன்னது துளசிமணிதான். போன வருஷம், அமாவாசைக்குக் கொடுமுடி போய்த் திரும்பும்போது, ஒரு வேகத்தடையில். மறுவாரமே வாசலில் கார் நின்றது! அதிலிருந்து ஒவ்வொரு அமாவாசைக்கும் கண்ணாடி ஏற்றிய காருக்குள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு, வாந்தியை அடக்கிக்கொண்டு போய்வந்தாள். "எப்படி இருக்குது அம்மணி?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "பரவாயில்லீங்க" என்பாள். வீடு பற்றி எரிந்தாலும் அவள் அதைத்தான் சொல்வாள்.

அர்ஷத் வந்தான். புல்லட்டில் ஏறி ஒரு உதை விட்டான். தடதடவென்று சத்தம் எழுந்ததும் மாடு 'அம்மா' என்றது. பால் தொழுவத்திலிருந்து ஓடிவந்து அர்ஷத்தின் செருப்பை நனைத்தது. துளசிமணி ஓடிவந்து பின்சீட்டை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"வண்டியக் குடுக்காதே!"

கல்யாணமான நாள் முதல் புருஷனிடம் 'ங்க' போடாமல் அவள் ஒரு சொல் பேசியதில்லை. அந்த 'ங்க' விழுந்த அதிர்ச்சியில் எதிர்வீட்டு நாய் குரைப்பைப் பாதியில் நிறுத்தியது.

"என்ன புள்ள சொன்னே?" என்றார் ரங்கராஜ்.

"விக்காதேன்னேன்! எலுமிச்சம்பழம் மோந்து மோந்து என்ற மூக்கே புளிச்சுப்போச்சு!"

"முதுகு வலிக்குதுன்னியே..."

"மெதுவாப் போகோணும்னு அப்படிச் சொன்னேன்! வண்டிய விக்கவா சொன்னேன்? வண்டின்னா உன்ற முதுகுல சாஞ்சுக்குவேன்... தோளத் தட்டுனா இளநிக் கடையில நிறுத்துவே... காருல நீ அந்தப் பக்கம், நானு இந்தப் பக்கம், நடுவுல கியரு! பஸ்ஸுல பக்கத்து சீட்டு ஆளாட்டம்...!" விம்மி அழுதாள்.

"எனக்கு மட்டும் என்ன..." ரங்கராஜ் டேங்கைத் துடைத்த துணியைக் கீழே போட்டார். "உனக்கோசரம்தான காரை ஓட்டுனேன்! உள்ள உக்காந்தா மூச்சு முட்டுது புள்ள!"

மாரியாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். "ஏங்கண்ணு... இத்தன நாளும் வாயத் தொறந்திருக்கக் கூடாதா? உன்னையப் பேசாத பேச்செல்லாம் பேசிப்போட்டேனே!"

கண்ணீர் காய்வதற்குள் மாரியாத்தாள் காரின் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். "தம்பி அர்ஷத்து, காரு ஓட்டுவயா? அந்தியூருக்கு உடு. என்ற தங்கச்சியப் பாத்துப்போட்டு வரலாம். அந்த ஏசியப் போடு."

கொடுமுடி சாலையில் அன்று மதியம் புல்லட் போனது. துளசிமணி இரு கையாலும் புருஷனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, முதுகில் கன்னம் வைத்திருந்தாள். சட்டை நனைந்தது. எதிரே ஒரு வேகத்தடை.

"மெதுவாப் போ!" என்றாள். காலையில் விழுந்த 'ங்க' இன்னும் எழுந்திருக்கவில்லை.

"சரிங்க அம்மணி," என்றார் ரங்கராஜ்.