விரிசல் நுனியில் ஒரு கோடு

சமையலறைச் சன்னலின் மூலையிலிருந்து இறங்கிய விரிசலின் நுனியில், யாரோ சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

விரிசல் பழையது. குடிவந்த நாளிலிருந்தே இருக்கிறது. கோடுதான் புதிது, காலையில் டீ போட்டபோது இல்லாதது, மதியம் டம்ளரைக் கழுவ வந்தபோது சுண்டுவிரல் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று இருந்தது. மனைவி வேலைக்குப் போய்விட்டாள். வீட்டில் அவனைத் தவிர யாருமில்லை. மூன்று நாளாகப் பெய்த மழை இப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஊறிப்போன சுவரிலிருந்து ஈரச் சுண்ணாம்பின் வாசனை வந்தது, அதற்கடியில் கருகிய இரும்பும் கிரீஸும் கலந்த வேறொரு வாசனை மெல்ல மெல்ல மூக்கில் ஏறியது. அது பட்டறை வாசனை. வண்டியை விற்று இரண்டு வாரமாகிறது, இந்த வீட்டில் அந்த வாசனைக்கு இனி என்ன வேலை என்று அவன் நினைத்துக்கொண்டான்.

கிட்டே போய்ப் பார்த்தான். கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேதி இருந்தது. 7-3. ஏழின் நடுவில் குறுக்கே ஒரு சின்ன வெட்டு.

அப்படி ஏழு போடுகிறவர் அவனுக்குத் தெரிந்து ஒருவர்தான், வெல்டிங் பட்டறைக்காரர்.

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றிப் பிழைத்தவன் அவன். பதினெட்டு வருஷத்துப் பிக்கப் வண்டி, பீரோவும் கட்டிலும் சுமந்து சுமந்து, கேபினுக்குப் பின்னால், அடிச்சட்டமான சேசிஸில் விரிசல் விட்டது. பட்டறைக்காரர் பற்றவைத்தார், அதற்குப் பக்கத்தில் விட்டது. இரும்புப் பட்டை வைத்துப் பற்றவைத்தார். பட்டையின் ஓரத்தில் விட்டது. மூன்றாவது முறை அவர் கையை விரித்துவிட்டார். இனி சேசிஸையே மாற்றினால்தான் உண்டு என்றார், அதற்கு அவர் சொன்ன தொகையில் இதைப்போல இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அவன் முகம் போன போக்கைப் பார்த்து, மனுஷன் வண்டிக்கடியில் படுத்து, விரிசல் முடிகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதினார். பட்டறைகளில் அது வழக்கம்.

"இது கோட்டைத் தாண்டாத வரைக்கும் ஓட்டிக்கோ," என்றார். "தாண்டிட்டா, அப்புறம் அதுல ஒரு ஆளையும் ஏத்தாத."

இரண்டு மாதம் தாக்குப்பிடித்தது. பிறகு தாண்டியது. இரண்டு விரற்கடை.

அவன் செய்ததும் சின்ன வேலைதான். ஈரத்துணியால் பழைய கோட்டைத் துடைத்தான், விரிசலின் புது நுனியில் வேறு கோடு போட்டான், பக்கத்தில் அதே பழைய தேதியை, ஏழுக்கு வெட்டுப் போட்டு, அச்சு அசலாக எழுதினான். வாங்க வந்தது யாரோ எவரோ என்றாலும் பாவம்தான். வந்ததோ சொந்தத் தங்கையின் புருஷன். மாப்பிள்ளை குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, மூன்று மாதமாக நகரவே இல்லை, தேதியை நீங்களே பாருங்கள் என்று கூசாமல் சொன்னான். அவர் பார்த்தார், நம்பினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இரண்டு அங்குலச் சாக்பீஸே போதுமாக இருந்தது.

இன்று அந்த வண்டியில் அவர்கள் ஊர் மாறிப் போகிறார்கள். மலைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளைக்குப் புது வேலை. பின்னால் வீட்டுச் சாமான் மொத்தமும், முன்னால் மாப்பிள்ளை, தங்கை, அவள் மடியில் நாலு வயசுக் குழந்தை. மூன்று மணிக்குக் கிளம்புவதாகத் தங்கை நேற்றே போனில் சொல்லியிருந்தாள்.

இப்போது மணி ஒன்றரை. ஒரு போன் போதும். ஆனால் சொன்னால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும், அது புது வண்டிக்கு முன்பணமாகப் போயாயிற்று. பணம்கூடப் போகட்டும். அண்ணனா இப்படி என்று தங்கை ஒரு பார்வை பார்ப்பாள், அதைத் தாங்க அவனால் ஆகாது. மாப்பிள்ளை நிதானமாக ஓட்டுகிறவர், ஒன்றும் ஆகிவிடாது, போய்ச் சேர்ந்த பிறகு பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று காலையிலிருந்து நூறு தடவை தனக்குத்தானே சொல்லியாயிற்று.

துணியை நனைத்துச் சுவரிலிருந்த கோட்டைத் துடைத்தான். போய்விட்டது.

டக்.

விரலில் சொடக்கு எடுப்பது போன்ற சத்தம். லோடு ஏற்றி மேடேறும்போது, முதுகுக்குப் பின்னால், கேபினுக்கு அடியில் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம். திரும்பினான். விரிசல் ஒரு சாண் நீண்டு கதவு நிலையை எட்டியிருந்தது. நுனியில் ஒரு கோடு. 7-3.

மழை ஈரத்தில் சுவர் விரிசல் விடுவது உலகத்தில் இல்லாததா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். தன் குரலே காலி வீட்டில் யாரோ பேசுவதுபோல் கேட்டது. அதையும் துடைத்தான், இந்த முறை அழுத்தி. டக். விரிசல் நிலைக்கு மேலே ஏறிக் கூடத்துக்குள் நுழைந்தது. கோடு. அதே தேதி. துடைத்தான். டக். துடைத்தான். நாற்காலி போட்டு ஏறித் துடைத்தான். விரல்களெல்லாம் வெள்ளை. குழாயடியில் கை கழுவினான், வெள்ளை போகவில்லை. திரும்பி வந்தபோது பட்டறை வாசனை கூடம் முழுக்க நிறைந்திருந்தது, தொண்டை எரிந்தது. எவ்வளவு நேரம் துடைத்துக்கொண்டிருந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

விரிசல் இப்போது கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. வாசல் கதவின் ஓரமாக. நேராக.

அந்த இடத்தில் பென்சில் கோடுகள் இருந்தன. தங்கை வரும்போதெல்லாம் குழந்தையை அங்கே நிற்கவைத்து உயரம் பார்ப்பான். போன மாதம்கூட, மாமா நான் வளந்துட்டேனா என்று குதிகாலை எக்கி எக்கி நின்றது அது. விரிசல் அந்தக் கடைசிப் பென்சில் கோட்டைத் தொட்டது. நிற்கவில்லை. இன்னும் ஒரு சாண் இறங்கியது. நின்றது.

குழந்தையின் கழுத்து உயரம்.

அங்கேயும் சாக்பீஸ் கோடு இருந்தது. தேதி வேறு. 17-6. ஏழுக்கு வெட்டு. இன்றைய தேதி.

போனை எடுத்தான். மணி மூன்றடிக்க ஐந்து நிமிஷம். இன்னும் கிளம்பியிருக்க மாட்டார்கள். நாலாவது மணியில் தங்கை எடுத்தாள். அவள் குரலுக்குப் பின்னால் இன்ஜின் முனகியது.

"எங்கம்மா இருக்கீங்க?"

"மலை ஏறிட்டிருக்கோம்ணா. மழை விட்டுச்சேன்னு ஒரு மணிக்கே கிளம்பிட்டோம்."

"வண்டிய நிறுத்தச் சொல்லு. இப்பவே."

"இங்க எங்கண்ணா நிறுத்துறது? ஒரு பக்கம் பள்ளம், பின்னாடி லாரி ஒட்டிக்கிட்டு வருது."

சொல்லிவிட்டான். காலையிலிருந்து தொண்டையில் நின்றதை ஒரே மூச்சில். "அந்தக் கோடு நான் போட்டதும்மா. தேதியும் நான்தான் எழுதினேன்."

தங்கை சிரித்தாள். "நீதானா அது? யார் வேலைன்னு காலைலேர்ந்து யோசிக்கிறேன். எத்தனை தடவை துடைச்சாலும் போக மாட்டேங்குது."

"எது?"

"பாப்பா கழுத்துல போட்டிருக்கியே, அதுதான். பக்கத்துல தேதி வேற. நேத்து நான் இல்லாதப்ப வந்து போட்டியா?"

நேற்று அவன் அங்கே போகவில்லை. வெளுத்த விரல்களைப் பார்த்தான்.

"மேல முடி மாதிரி ஏதோ ஒட்டியிருக்கு," தங்கை குழந்தையை வெளிச்சத்துக்குத் திருப்புவது தெரிந்தது. "இரு, எடுத்துடறேன். முடி இல்லண்ணா... கீறல் மாதிரி..."

டக்.

போனிலும் சுவரிலும் ஒரே நேரத்தில்.

"அண்ணா," அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. "கோட்டைத் தாண்டிடுச்சு."

அவன் கதவோரம் பார்த்தான். விரிசல் தரை வரை இறங்கியிருந்தது. இந்த முறை அதன் நுனியில் கோடு எதுவும் இல்லை.