நிமிர்ந்து நின்ற கல்

1986 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால் மணி. இரவெல்லாம் பெய்த மழை தூறலாகத் தளர்ந்திருந்தது. தருமபுரியில், ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் தீர்த்தகிரியின் வாசலில் மிக்கேலம்மாள் தலையிலிருந்த கோணிப்பையை எடுத்து உதறினாள். உடன் வந்தவர் வக்கீல் குமாஸ்தா செபாஸ்டின்; ஐம்பது வயதிலும் ஒரு மர்மம் கிடைத்தால் காலைச் சாப்பாட்டை மறந்துவிடக்கூடியவர்.

"கெணறு போயிரும் போலிருக்குதுங்க," என்றாள் மிக்கேலம்மாள். "எங்கூட்டுக்காரரு ஒண்டியா பாறையைக் குடைஞ்சி எறக்குனது. அவரு போயி வருசம் திரும்பல, மேக்காட்டுக் காளியப்பன் அது என்னுதுங்கறான். எல்லைக்கல்லு கெணத்துக்குக் கீழ நிக்குதாம்."

"முன்ன எங்க நின்னுது?"

"கெணத்துக்கு மேலங்க. நான் சொன்னா யாரு நம்பறாங்க? இன்னிக்கி மத்தியானம் ஆபீசரு பாக்க வராரு."

பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி, சித்தேரி மலையடிவாரச் சரிவில் அந்தப் புன்செய்க் காடு இருந்தது. மேலே காளியப்பன் நிலம். கீழே மிக்கேலம்மாளின் நிலமும் வீடும். குறுக்கே மூன்று எல்லைக்கற்கள். இரு ஓரக் கற்களும் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருந்தன. கிணற்றுக்குக் கீழே நின்ற நடுக்கல் மட்டும் நிமிர்ந்திருந்தது.

"சார், நிமிந்து நிக்கறதுதான் நெசக்கல்லு," என்று செபாஸ்டின் வருத்தத்தோடு கிசுகிசுத்தார். "நம்ம கட்சி தோத்துருச்சு."

தீர்த்தகிரி கல்லைப் பார்க்கவில்லை. அடியில் வளைந்து மேலே நிமிர்ந்த வேம்பைப் பார்த்தார். பிறகு வீட்டு நிலைக்கடியில் செருகியிருந்த ஆப்பைப் பார்த்தார்.

"ஏம்மா, கதவு சாத்துதா?"

"மழை வந்தா சாத்தாதுங்க. வருசா வருசம் சீவறோம்."

வருவாய்த்துறை விசாரணை அதிகாரியின் ஜீப் வந்தது. காளியப்பன் முந்திக்கொண்டான். "எங்க தாத்தா காலத்துலருந்து இந்தக் கல்லு இங்கியேதாங்க நிக்குது. ஒரு விரக்கடை அசையல. அந்த ரெண்டையும் இந்தப் பொம்பளதான் ஆட்டிப் பாத்துருக்குது."

"ஒரு விரக்கடைகூடவா?" என்று கேட்டார் தீர்த்தகிரி.

"சத்தியமாங்க!"

"அப்ப இது தாத்தா நட்ட எடமில்ல." தீர்த்தகிரி அதிகாரியிடம் திரும்பினார். "சார், இந்தச் சரிவுல அசையாதது எதுவுமில்ல. மேல பாறை வெயில்லயும் மழையிலயும் பொரிஞ்சி மண்ணாவுது. அந்த மண்ணு நனைஞ்சா உப்புது, காஞ்சா அமுங்குது. ஒவ்வொரு தடவையும் தன் பாரத்துல துளி கீழ எறங்குது. மேல்மண்ணு வேகமா எறங்கும், அடிமண்ணு மெதுவா. அதனால நட்டதெல்லாம் பள்ளத்துப் பக்கம் சாயும். வேம்பு சாஞ்சிட்டு வெளிச்சத்துக்கு நிமிந்துருக்கு. ஓரக்கல்லு ரெண்டும் சாஞ்சிருக்கு. மேல்பக்கம் மண்ணு மோதிக் குவிஞ்சிருக்கு. இது மட்டும் எப்படி நிமிந்து நிக்கும்?"

"அடியில பாறை இருந்தா?" காளியப்பன் விடவில்லை.

"இருக்குது. அதனாலதான் உன்னால முழுசாப் புதைக்க முடியல." தீர்த்தகிரி குனிந்து கல்லின் பக்கவாட்டைத் துடைத்தார். கீழ்ப்பாதி செம்மண் ஊறிச் சிவந்திருந்தது. மேற்பாதி கறுத்துச் சொரசொரத்திருந்தது. இரண்டுக்கும் நடுவிலிருந்த கோடு சாய்வாக ஓடியது. "இது கல்லு மண்ணுல நின்ன மட்டம். தரையோட ஒத்துப்போவணும். இப்பப் போவல. ஓரக்கல்லு மாதிரி சாய்ச்சிப் பிடிச்சாத்தான் போவும். ரொம்ப வருசம் வேற எங்கியோ சாஞ்சி நின்னுருக்கு, சார். சமீபத்துல யாரோ புடுங்கி, நேரா நட்டுருக்காங்க."

ஓரக்கற்களின் நேர்வரிசையில், கிணற்றுக்கு மேலே, செபாஸ்டின் கடப்பாரையை இறக்கினார். சுற்றிலும் கிண்ணென்று எதிர்த்த மண், ஓரிடத்தில் மட்டும் முழங்கை ஆழம் விட்டுக்கொடுத்தது.

"ஏம்ப்பா காளியப்பா, தாத்தா இங்கதான் நட்டாராம்!" என்றார் செபாஸ்டின். காளியப்பன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். அது காலில்தான் இருந்தது.

அதிகாரி உடனே ஜீப்பில் ஏறவில்லை. வீட்டு நிலையின் ஆப்பை வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க சொன்னது இந்தச் சரிவு முழுசுக்கும் பொருந்துமா?"

தீர்த்தகிரிக்குக் கேள்வி எங்கே போகிறதென்று புரிந்தது. மிக்கேலம்மாள் மகிழ்ச்சியில் அதைக் கவனிக்கவில்லை.

"பொருந்தும்," என்றார்.

நவம்பர் இறுதியில் ஆணை கைக்கு வந்தது. தீர்த்தகிரி அதைத் தாமே மிக்கேலம்மாளிடம் எடுத்துச் சென்றார். முதல் பத்தியை மட்டும் படித்தால் போதுமென்று வழியெல்லாம் செபாஸ்டின் கெஞ்சினார். தீர்த்தகிரி இரண்டு பத்திகளையும் படித்தார். கிணறு மிக்கேலம்மாளுடையது, கல்லைப் பழைய இடத்தில் நட வேண்டும். சரிவு நகர்வது விசாரணையில் மெய்ப்பிக்கப்பட்டதால், அதன்மேல் உள்ள வீட்டை அடுத்த மழைக்காலத்துக்குள் காலி செய்ய வேண்டும். ரோட்டோரத்தில் மனை தரப்படும்.

"கெணறு இங்க, நான் ரோட்டோரத்துலயா?"

செபாஸ்டின் மலையைப் பார்த்தார்.

"மலை எறங்கறது எங்களுக்குத் தெரியாதுங்களா? வருசா வருசம் கதவைச் சீவிக்கினு இருந்தோம், இருந்துட்டே போயிருப்போம். கல்லைக் கண்டுபுடிச்சீங்க, சரி. அதோட நிறுத்திருக்கக் கூடாதுங்களா, சார்?"

அதிகாரி கேட்டபோது பொய் சொல்லியிருக்கலாம் என்று தீர்த்தகிரிக்குத் தோன்றியது. கையெழுத்திட்ட ஆணையை நீட்டினார். மிக்கேலம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள்.