மாப்பிள்ளை விசாரிக்கப் போன தாளாளர்

மேட்டுப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பாக்கு மண்டிகளைத் தாண்டி நடந்து, அந்தப் பழைய பள்ளிக்கூடத்தின் கேட்டைக் குமாரசாமி தள்ளித் திறந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. சனிக்கிழமை, பள்ளி லீவு. வேப்பமரத்தடியில் ஒரு பொம்பளை மட்டும் சருகு கூட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் வந்தது மாப்பிள்ளை விசாரிக்க. அந்த விஷயத்தில் அவரை ஏமாற்ற இனிமேல் ஒருவன் பிறந்து வரவேண்டும். குடி உண்டா, சீட்டாட்டம் உண்டா, வேறு சகவாசம் உண்டா என்று டீக்கடை, சலூன், முன்பு வேலை பார்த்த இடம் என ஒன்று விடாமல் துருவிவிடுவார். இப்போது தங்கை மகளுக்குப் பார்த்திருக்கும் மதன்குமார் வேறு யாருமில்லை. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் குமாரசாமியே தாளாளராக இருந்து நடத்தும் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் கணக்கு வாத்தியார்.

அப்படியானால் வேலைக்குச் சேர்த்தபோதே விசாரித்திருப்பாரே என்று நினைப்பீர்கள். அதுதான் இல்லை. அன்றைக்கு அவர் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி என்ன கூட்டமுங்க?" அவன் குலத்தைச் சொன்னான். அட, நம்ம ஆளு! காபி வந்தது. மறுநாளே ஊர்ப் பிள்ளைகளை மொத்தமாக அவன் கையில் கொடுத்தாயிற்று. ஆறாம் வகுப்புப் படிக்கும் சொந்த மகள் லோகப்பிரியாவையும்தான்.

"ஏம்மா, இங்க மதன்குமாருன்னு ஒரு கணக்கு சாரு இருந்தாரே, ஆளு எப்படி?"

விளக்குமாறு நின்றது.

"பொண்ணு குடுக்கப் போறீங்களா சாமி?"

"அதுக்குத்தான் விசாரிக்கறேன்."

"விசாரிக்கோணுமுங்க. வாங்க, காட்டறேன்."

மாசாணியம்மாள் என்று பெயர் சொன்னாள். கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப்போனாள். தகரக் கூரை போட்ட சாமான் அறை. அதற்குக் கதவே இல்லை, நிலை மட்டும் நின்றது. உள்ளிருந்து சுண்ணாம்பும் மூத்திரமும் கலந்த புழுக்க வாடை வந்தது.

"எம்புள்ள இளவேனிலு. கணக்கு வரலைன்னு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இதுக்குள்ள போட்டுப் பூட்டுனாருங்க. பூட்டுனத மறந்துபோட்டு ஊருக்குப் போயிட்டாரு. நாங்க பவானி ஆத்துல தேடுனோம், சந்தையில தேடுனோம். திங்கக்கிழமைதானுங்க தொறந்தாங்க." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "வெரலெல்லாம் தேஞ்சு கெடந்துச்சு. அப்புறந்தான் நா இங்க கூட்டற வேலைக்கு வந்தேன். புள்ளய உட்டுப்போட்டு எங்க போறது?"

"கேஸு கீஸு?"

"காச்சல்ல போச்சுன்னு எழுதிக்கிட்டாங்க. அவரை நல்லபடியா எழுதிக் குடுத்து அனுப்பிவெச்சாங்க."

அப்போதுதான் குமாரசாமிக்குக் கேட்டது.

டொக். டொக்.

மரக்கதவில் சின்னக் கை தட்டுகிற சத்தம். கதவில்லாத அந்த அறைக்குள்ளிருந்து.

மாசாணியம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தினமும் கேட்கிறவள்.

"அவரு இப்ப எந்தப் பள்ளிக்கூடத்துல இருக்காருங்க?"

குமாரசாமி யோசித்தார். தங்கை மகள் தப்பித்தாள், ஜாதகம் சேரவில்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் அடுத்த மாதம் பத்தாம் வகுப்புப் பரீட்சை. இவனை அனுப்பிவிட்டால் கணக்கில் நூற்றுக்கு நூறு யார் வாங்கித் தருவது? பரீட்சை முடியட்டும், நாமும் நல்லபடியாக எழுதிக் கொடுத்து அனுப்பிவிடலாம். பாவி மனுஷன், இதை நினைக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"தெரியலையேம்மா. தரகர் சொன்னாரு, வந்தேன்."

தட்டுகிற சத்தம் நின்றது.

மாசாணியம்மாளின் முகம் வெளிறியது. "நின்னுபோச்சே," என்றாள். "இத்தன நாள்ல ஒருக்காகூட நின்னதில்லீங்களே."

திரும்பும் பஸ்ஸில் சத்தியமங்கலம் வரைக்கும் நிற்க இடமில்லாத கூட்டம். குமாரசாமிக்குப் பக்கத்து இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. உட்கார வந்த ஒரு கிழவர், "பாப்பா இருக்குதுங்களா, பரவால்லீங்க," என்று நகர்ந்துகொண்டார். சுண்ணாம்பு வாடை அடித்தது. குமாரசாமி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் மனைவி பங்காரம்மா வாசலுக்கு வந்துவிட்டாள். "லோகு இன்னும் வரலீங்க. ஸ்பெஷல் கிளாஸ்ல கணக்கு சாரு நிறுத்தி வெச்சிருக்காராம்."

செருப்பு எங்கே கழன்றதென்று தெரியாமல் ஓடினார்.

பள்ளி வாசலில் மதன்குமார் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தான், ஊருக்குக் கிளம்ப.

"லோகு எங்கடா?"

"லோகுவா?" அவன் நெற்றியில் தட்டிக்கொண்டு சிரித்தான். "அட, மறந்தே போட்டனுங்க சார்! ஸ்டோர் ரூம்ல இருக்கா. கண்ணை மட்டும் உட்டுப்போட்டுத் தோலை உரிங்கன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

சாவியைப் பிடுங்கினார். அது பூட்டுக்குள் போகவே மாட்டேன் என்றது.

திறந்தது.

லோகப்பிரியா நின்றுகொண்டிருந்தாள். முழுசாக, உயிரோடு. குமாரசாமி அவளை வாரி அணைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பெற்ற வயிறு எப்படி எரியும் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அவள் அழவில்லை. மெல்ல அவர் காதருகே வந்தாள்.

"அவரு எங்க இருக்காருன்னு எங்கம்மா கேட்டாங்கல்ல? தெரியாதுன்னு ஏனுங்க சாமி சொன்னீங்க?"

உடம்பு லோகப்பிரியா. குரல் அவளுடையதில்லை.

சில்லென்ற சின்னக் கை அவர் விரலைப் பிடித்தது. விரல் நுனிகள் சொரசொரவென்று தேய்ந்திருந்தன.

"கடைசி பஸ்ஸு போறதுக்குள்ள வாங்க. எங்கம்மாகிட்ட என்னயக் கொண்டுபோய் உட்டுருங்க."

"எம்பொண்ணு... எம்பொண்ணு எங்க?"

அவள் பஸ் போகும் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.

அவருக்குப் பின்னால், விரியத் திறந்து கிடந்த காலி அறைக்குள்ளிருந்து லோகப்பிரியா கூப்பிட்டாள்.

"அப்பா, இருட்டா இருக்குதுங்கப்பா. கதவத் தொறங்கப்பா."