அழித்த எண்

அவனியாபுரத்தில் ஒரு வீட்டில் திருட்டு அலாரம் தினமும் சாயங்காலம் நாலு பத்துக்குச் சும்மாவே அலறுகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் கம்பெனிக்குப் புகார் செய்திருந்தார்கள். மூன்று மணிக்குப் போய் இறங்கினேன். பேய் என்று சொல்கிற வீட்டில் முதலில் பல்லியைத் தேடுகிறவன் நான். பத்தில் எட்டு வீட்டில் அலாரத்துக்குள் பல்லிதான் மாட்டும்.

கதவைத் திறந்தவர் வீட்டுக்காரர் வீரணன் அண்ணன். பல நாள் சவரம் செய்யாத முகம்.

"பேரு என்ன தம்பி?"

"ராஜபாண்டிண்ணே."

கூடத்தில் அவர் மகள் தமிழ்வாணியின் படம், மாலையோடு. காலேஜிலிருந்து வரும்போது ஷேர் ஆட்டோ கவிழ்ந்து போய்ச் சேர்ந்தவள். இருபது நாள்தான் ஆகியிருந்தது. அவளுக்கு அம்மாவும் இல்லை. அந்த வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அலாரத்தை நிறுத்த ஆளுக்கொரு ரகசிய எண் வைத்திருந்தார்கள். அவர் நபர் 1, அவள் நபர் 2.

கதவு திறந்தால் அலாரத்துக்குக் காட்டிக்கொடுக்கும் காந்தத்தை மாற்றினேன். பேட்டரி, வயர் எல்லாம் பார்த்தேன். பல்லியும் இல்லை, பழுதும் இல்லை.

"விட்ருங்க தம்பி," என்றார். "அவ காலேஜ் விட்டு வார நேரம் அது."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அலாரப் பெட்டியில் இருந்த பதிவைத் திறந்து பார்த்தேன். இருபது நாளும் ஒரே மாதிரி. 4.10, முன்கதவு திறப்பு. அரை நிமிடம் கழித்து, நிறுத்தியவர்: நபர் 2.

"அவ நம்பரை நீங்க அமுக்குறீங்களாண்ணே?"

"அது எனக்குத் தெரியாது தம்பி. அவ சொன்னதில்ல."

நாலு பத்து ஆனது.

கதவு இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்தது. காற்றே இல்லை. சைரன் அலறியது. கூடத்துக்குள் டீசல் புகை வாசம் வந்தது.

சுவரில், ரகசிய எண்ணை அமுக்கும் பட்டன்களில் ஒன்று 'பீப்' என்றது.

இன்னொன்று.

மூன்றாவது. நாலாவது.

பட்டன்களுக்கு முன்னால் யாருமில்லை. சைரன் நின்றது.

"வந்துட்டியாம்மா," என்றார் வீரணன் அண்ணன், மெதுவாக. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

இறந்தவர் எண்ணை அழிப்பது எங்கள் வேலை முறை என்றேன். உண்மையில் பயம், வேறொன்றும் இல்லை.

"அத மட்டும் எடுத்துறாதீங்க தம்பி. இதுக்காகத்தான் உசுரோட இருக்கேன்."

என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கையை விலக்கிவிட்டு நபர் 2-ஐ அழித்தேன்.

செருப்பை மாட்டும்போது வாயில் வந்துவிட்டது. "வாரேண்ணே."

சாவு விழுந்த துட்டி வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். சொன்னால் அதே காரியத்துக்கு மறுபடி வர நேரும் என்பார்கள். தெரியாதவன் இல்லை நான். வீட்டுக்கு வீடு சொல்லிப் பழகிய வாய்.



மறுநாள் நாலு பத்துக்கு அந்த வீட்டு அலாரத்திலிருந்து என் போனில் செய்தி வந்தது. முன்கதவு திறப்பு.

தவறான எண்.

தவறான எண்.

தவறான எண்.

வீரணன் அண்ணனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வண்டியை விரட்டிக்கொண்டு போனபோது தெருவே அங்கே கூடியிருந்தது. சைரன் நிற்கவில்லை. அவர் பட்டன்களுக்குக் கீழே விழுந்து கிடந்தார். உயிர் போயிருந்தது. அவர் தலைக்கு மேலே, யாரும் தொடாமலே, பட்டன்கள் பீப் பீப் என்றன. நாலு நாலாக.

சொன்னபடியே வந்துவிட்டேன். அவரிடம் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கிக் கொன்றவன் நான்தான். இதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்.

பேட்டரியை உருவி, பெட்டியைக் கழற்றினேன். இந்தத் தடவை யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். பெட்டியைக் கம்பெனி அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

இன்று நாலு பத்துக்கு மறுபடி செய்தி வந்தது.

முன்கதவு திறப்பு. நிறுத்தியவர்: நபர் 2.

அடுத்து, உள்ளே: நபர் 1.

போனை அணைக்கப் போனேன். அதற்குள் இன்னொன்று வந்துவிட்டது.

புதிதாகச் சேர்க்கப்பட்டவர், நபர் 3: ராஜபாண்டி.